பறக்காத ஒரு பாகம்

போன மழைக்காலத்தில், வடாலாவில் இருக்கும் என் பட்டறையில் நடந்தது இது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தாராவியில் வாடகை லேத் ஒன்றில் தொடங்கி, இன்று விமானங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறேன். என் கார்டில் ‘புராஜெக்ட் மேனேஜர்’ என்று போட்டிருக்கும். படித்த இன்ஜினியர்களே ‘சார்’ போட்டுத்தான் பேசுவார்கள். ஒருவன் மட்டும் போட மாட்டான். என்னோடு ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்த சிநேகிதன், என் முதல் லேத்தில் நின்றவன். “என்னலே மேனேஜரே, இன்னைக்காவது டீ உண்டா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பான்.

விமான வேலையில் ஒரு சட்டம் உண்டு. முடித்த பாகம் தரையில் விழுந்துவிட்டால், கீறலே இல்லாவிட்டாலும் அது செத்த மாதிரிதான். யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடாதபடி உடனே இரண்டாக அறுத்துவிட வேண்டும்.

அன்று சரக்கு அனுப்ப வேண்டிய நாள். சிநேகிதன் தான் கடைந்த ஒரு பாகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

“விழுந்துட்டுலே.”

“விடு. வேற ஒண்ணு கடைஞ்சிரு. பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

அவன் நகரவில்லை. வலது கையை நீட்டினான். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

“டாக்டர் இது நிக்காதுன்னுட்டாரு. இனி தெனமும் விழும். விழுந்தா அறுத்திரலாம். கடையும்போதே தப்பாகி, நமக்குத் தெரியாமப் போச்சுன்னா? மேல போறவன் நம்மள நம்பில்லா ஏறுதான். என்னைய மிஷின்ல இருந்து எடுத்துரு.”

மிஷினில் யார் நிற்பது என்று முடிவு செய்கிறவன் நான். எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்திருக்கிறேன், வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறேன். அவனிடம் மட்டும் அதைச் சொல்லாமல், ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள் என்றேன்.

“சும்மா உக்கார வச்சு சம்பளம் தருவியோ? பெரிய மேனேஜருல்லா!” என்று சிரித்தான். பிறகு, “இதை நானே அறுக்கேன்” என்றான்.

பாகத்தை வைஸில் இறுக்கி ரம்பத்தை வைத்தான். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. நான் எழுந்து போய் அவன் கைமேல் என் கையை வைத்தேன். இரண்டு பேருமாக அறுத்தோம். முடிந்ததும் வழக்கம்போல மிஷினைத் துடைத்துவிட்டு, டிபன் டப்பாவோடு மழையில் இறங்கிப் போனான்.

இப்போது உல்லாஸ்நகரில் மகன் வீட்டில் இருக்கிறான். நான் போனால் டீ வரும். “இப்பதான் குடிச்சேன்” என்று, நான் இருக்கும்வரை தன் கிளாஸைத் தொடவே மாட்டான்.

தலைக்கு மேல் விமானம் போனால், அதில் என் பட்டறைப் பாகம் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையடிப்பது என் பழக்கம். இன்றும் அடிக்கிறேன், ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது என் கண்ணில் நிற்பது, நாங்கள் இருவரும் சேர்ந்து அறுத்த, பறக்காத அந்த ஒன்றுதான்.