சங்கு ஊதியும் எழுந்திருக்காத மாமன்

குன்னத்து அய்யம்பெருமாளுக்கு நிலத்தில் வெங்காயம், மூக்கு நுனியில் ரோஷம். ரெண்டும் அமோக விளைச்சல். தங்கச்சி கலியம்மாளின் மகள் வேம்புவுக்குச் செட்டிகுளம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மாமன்காரரோ வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறைக்குக் காற்றோட்டம் பார்க்கிறேன் பேர்வழி என்று ரெண்டு பஸ்ஸை விட்டார். போய்ச் சேர்ந்தபோது எவனோ ஒரு பங்காளி மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள்.

"இனிமே ஒன் வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தவர்தான். ரெண்டு வருஷமாக வெளியே வீராப்பு, உள்ளே அந்தப் பிள்ளையைத் தூக்க ஏக்கம்.

எண்பத்தைந்தில் கலியம்மாள் கடுதாசி போட்டாள். புருஷன் குழந்தைவேலுக்குக் கடலோர அணுமின் நிலையத்தில் கொத்து வேலை, பக்கத்திலேயே குடியிருப்பு. "வெள்ளிக்கிழமை காலைல ஒரு மூட்டை வெங்காயம் வாசல்ல போட்டுட்டுப் போண்ணே. உள்ள வர வேணாம்."

மூட்டையை இறக்கினாரோ இல்லையோ, சங்கு அலறியது.

"அய்யோ, அணு உலைச் சங்கு! உள்ள வாண்ணே!" கலியம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சபதமாவது ஒன்றாவது, மனுஷன் ஒரே தாவில் வீட்டுக்குள் நின்றார்.

அவள் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினாள். ஈரத்துணியைச் சுருட்டி இடுக்கெல்லாம் அடைத்தாள். சோற்றுப்பானையையும் தண்ணிக்குடத்தையும் மூடினாள். ரேடியோவைத் திருகினாள்.

"அடியே, மூட்டை வெளிய கெடக்கு!"

"வெளிய கெடக்குறது கெடக்கட்டும். மறுசங்கு ஊதுற வரைக்கும் யாரும் நகரக் கூடாது."

காலமெல்லாம் பட்டறையில் காற்றுக்கு இடுக்கு விட்டவருக்குக் கை சும்மா இருக்குமா? "இப்படி அடைச்சா அழுகிப் போயிரும்டி" என்று துணியை உருவப் போனார்.

"நீ என்ன வெங்காயமாண்ணே?" கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

சப்பணமிட்டு உட்கார்ந்தார். வேம்பு குடுகுடுவென்று ஓடி வந்து, யாரையும் கேட்காமல் மடியில் ஏறிக்கொண்டாள். தோட்டைத் தொட்டுப் பார்த்த மாமனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை அப்படியே தூங்கியும் போனது.

மறுசங்கு ஊதியது. வேலையிடத்தில் அடைந்திருந்த குழந்தைவேல் வந்து கதவைத் திறந்தான்.

"ஒத்திகை முடிஞ்சிருச்சு மச்சான். வெள்ளிக்கிழமைன்னு பத்து நாளா மைக்ல சொன்னாங்களே, இவ கடுதாசில எழுதலயா?"

கலியம்மாள் கூரையைப் பார்த்தாள்.

"அடிப் படுபாவி!" என்றவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தம் போடாத மாப்ள. புள்ள தூங்குது. கதவ இன்னும் செத்த நேரம் சாத்தியே வையி."