தையல்கார அக்கா எழுந்து பேசிய நாள்

தையல்கார அக்காவுக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சலில் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். "அக்காவுக்குத் தெரியாம ரகசியம் பேசணும்னா முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் பேசணும்" என்று தெருவே கேலி செய்யும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கடைகளில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்குவது பற்றி நகராட்சி மன்றம் விவாதித்த அன்று, அதை எதிர்த்த கடைக்காரர்கள் அவளை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். துணிக்கடைக்காரர் அவளைக் கைகாட்டினார்.

"எல்லாரும் வாயை மூடிக்கிட்டா இந்தம்மா எப்படிப் பொழைப்பாங்க? கொஞ்சம் யோசிங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அக்காவுக்குத் தம்பியின் நினைவு வந்தது. மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே தொற்றுநோயை வாங்கிக்கொண்டவன் அவன். ஆஸ்பத்திரியில், மூச்சுக்காக மாட்டியிருந்த கருவி வாயை மறைத்திருக்க, கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

எழுந்து நின்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்காததால் சத்தமாகவே வந்தது.

"அண்ணே, என்னைச் சாக்கா வைக்காதீங்க. எல்லாரும் போட்டுக்கட்டும். நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் அளவு கொடுக்க வந்தவர்கள் வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். ஊர்க்கதையை மட்டும் யாரும் எழுதவில்லை. ஆள் நிறைந்த கடையில் அவள் தனியாக இருந்தாள்.

"ஏன்டா அப்படிச் சொன்னோம்னு இருக்கா?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக?" என்றாள் அவள்.