சுண்ணாம்புக் கோட்டு வீடு

ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் உலகநாதன் வாங்கிப் போட்ட மூலை மனையில் பல வருஷமாக நெருஞ்சியும் எருக்கும்தான் குடியிருந்தன. எண்பத்தெட்டாம் வருஷம் தை பிறந்ததும், இனித் தள்ளிப்போட்டால் கட்டின மாதிரிதான் என்று மனுஷன் துணிந்துவிட்டார்.

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் டர்னர். லேத் மிஷின் முன்னால் நின்று நின்று இடது தோள் கொஞ்சம் இறங்கியே இருக்கும். விருத்தாசலம் பக்கத்திலிருந்து மீசை அரும்புகிற வயசில் வந்து வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணம் ஆனதும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அன்றிலிருந்து அதே வீடு, அதே மஞ்சள் சுண்ணாம்பு, கதவில் அதே கறுப்பு நம்பர்.

குவார்ட்டர்ஸை ஒரேயடியாகக் குறை சொல்லக்கூடாது. தண்ணி வந்தது, கரண்ட் வந்தது. பிள்ளைகள் வளர்ந்தன. ஆனால் உனக்கு எது எங்கே வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. சாவியைக் கொடுத்தார்கள், குடி போனார்கள். சுவரில் ஆணி அடிக்காதே என்றார்கள், அடிக்கவில்லை. அவர் சம்சாரம் ஜெகதாம்பாள் சாமி படங்களை அலமாரி மேல் சாய்த்து வைத்தே இத்தனை வருஷம் கும்பிட்டாள்.

வீட்டுப் பிளானை உலகநாதன் தானேதான் போட்டார். இரும்புத் துண்டுக்கு டிராயிங் பார்த்துப் பழகின கண், வீட்டுக்கு மட்டும் பார்க்காதா? பையனின் ஜியாமெட்ரி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கோடு கோடாக இழுத்தார். ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒருவர் அதை அப்படியே எடுத்து நீலப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். மூக்கை அறுக்கிற மருந்து வாசனையோடு அந்தத் தாள் கைக்கு வந்த அன்று, மனுஷன் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். தன் பேர் எழுதின வீடு, சுருட்டி அக்குளில் வைத்துக்கொள்கிற அளவுக்கு லேசாக இருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து பிளான் ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தது. கேன்டீன் மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளரை வைத்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்டார். அபிப்பிராயத்துக்கா பஞ்சம்? கக்கூஸை பூஜை அலமாரிக்கு முதுகு கொடுத்து வைக்காதே என்றான் ஒருத்தன். மாடிப்படியை வெளியே தள்ளு, நாளைக்கு வாடகைக்கு விடலாம் என்றான் இன்னொருத்தன். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற ராஜசேகரன், குவார்ட்டர்ஸில் ஒட்டுச்சுவர்க்காரர், அடுப்பங்கரையை அக்கினி மூலைக்கு மாற்றாமல் விடமாட்டேன் என்று ஒரு வாரம் மல்லுக்கு நின்று ஜெயித்தார். கடைசியில், இதுக்கு மேல ஒரு பிளானை எவனாலும் போட முடியாது என்று எல்லாரும் கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டார்கள்.

சொல்லாதது ஜெகதாம்பாள் ஒருத்திதான். எப்போது கேட்டாலும் "நீங்க பாத்து செஞ்சா சரி" என்பாள். வாயில்லாத பொம்பளை என்று நினைத்துவிட வேண்டாம். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிறவன் அவள் வருவதைப் பார்த்தாலே சொத்தையைப் பொறுக்கித் தனியாகப் போட்டுவிடுவான். அப்படிப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசவில்லை. அது உலகநாதன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்தாளானால், குவார்ட்டர்ஸுக்கு வந்த மாதிரியேதான் இந்த வீட்டுக்கும் வருவாள், யாரோ கொடுத்த சாவியோடு. அடுத்த புதன்கிழமை பூமி பூஜை போட்டு மண்ணைத் தோண்டிவிட்டால் அப்புறம் எந்தச் சுவரையும் நகர்த்த முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் பிளானை மறுபடியும் அவள் மடியில் விரித்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது எங்கிருந்து பாத்தா இப்படித் தெரியும்?"

"மேலேருந்து. கூரையை எடுத்துட்டுப் பாக்கிற மாதிரி."

"கூரையில்லாத வீட்டைக் காக்காதான் பாக்கும். நான் எங்க பாக்கிறது?"

இருபது வருஷமாக டிராயிங் பார்க்கிற மனுஷனுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றினதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வேம்புலியை மனைக்கு வரச் சொன்னார். வேம்புலி சேக்காட்டுப் பழைய ஊர்க்காரர், அவர் குடும்பத்து வயல் இருந்த இடத்தில்தான் இப்போது பாதி மனைகள் இருக்கின்றன. செடியைச் செதுக்கி, முளையடித்து, கயிறு கட்டி, பிளானில் உள்ளபடி தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடச் சொன்னார். கதவு வருகிற இடமெல்லாம் கோட்டை விட்டுவிடச் சொன்னார். அங்கேதான் வேம்புலி முறைத்துக்கொண்டார்.

"அஸ்திவாரக் கடகாலு தோண்டத்தான் கோடு. வாசப்படிக்கு எவனாவது வழி வுட்டுக் கோடு போடுவானா அண்ணாத்தே?"

நாளைக்கு அழித்துப் போட்டுக்கொள், இன்றைக்கு என் வீட்டுக்காரம்மா உள்ளே போகணும் என்றார் உலகநாதன். வேம்புலி தலையைச் சொறிந்துகொண்டே வழி விட்டார்.

ஜெகதாம்பாள் வந்து நின்று பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. இவ்வளவுதானா என்றாள்.

"கோடு போட்டா அல்லா ஊடும் சின்னதாத்தான் தெரியும்க்கா" என்றார் வேம்புலி. "செவுரு ஏற ஏற பெர்சாயிடும்."

அவள் நேராக வாசலுக்கு விட்டிருந்த இடைவெளிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முள்ளு கீதுக்கா என்று வேம்புலி எச்சரித்தது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

அதன் பிறகு நடந்ததை உலகநாதன் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். அவள் ஹாலைக் கடந்தாள். அறைக்குள் திரும்பும்போது தோளைக் கொஞ்சம் ஒடுக்கினாள், நிலைக்கட்டை இடிக்காமல் இருக்க. ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை. அடுப்பங்கரையில் நின்று, இல்லாத பாத்திரத்தை இறக்கி, இல்லாத பலகையிலிருந்து எதையோ எட்டி எடுத்தாள். அப்போது எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு சுவரைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டது. அவள் சூ சூ என்று அதை விரட்டினாள். எப்படி? சுவர் வழியாக இல்லை. மடக்கி மடக்கி, வாசல் வழியாகவே வெளியே ஓட்டினாள்.

வேம்புலி சிரிக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அங்கே ஒரு வீடு இருந்தது. உலகநாதன் போட்ட கோடுதான், ஆனால் அவர் அதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அவள் பெரிய அறையின் கிழக்குக் கோட்டருகே போய் நின்றாள். நின்றவள் நகரவில்லை. அந்தக் கோட்டுக்கு அப்பால் வெட்டவெளி, அதற்கு அப்பால் ஏரிக்கரை, கரை மேல் பனைமரங்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

"இந்தப் பக்கம் யாருங்க இருக்காங்க?"

"யாருமில்லையே. தெருதான் வரும். மூலை மனையாச்சே."

"அப்ப ஏன் முழுசா அடைச்சிட்டீங்க? ஒரு ஜன்னல்கூட இல்ல."

உலகநாதன் அக்குளிலிருந்த பிளானை உருவிப் பிரித்தார். நிஜம்தான். அந்தப் பக்கம் முழுக்க ஒரே கோடு. பென்சிலை எடுக்காமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்திருக்கிறார். குவார்ட்டர்ஸில் அந்தப் பக்கம் ராஜசேகரன் வீடு. ஒட்டுச்சுவர். அங்கே ஜன்னல் கிடையாது, இருக்கவும் முடியாது. கை தானாகவே அந்தச் சுவரை இங்கேயும் கொண்டுவந்து வைத்துவிட்டது. கேன்டீனில் கக்கூஸையும் படியையும் பிடித்து உலுக்கினவர்களில் ஒருத்தனுக்குக்கூட இது தெரியவில்லை. எப்படித் தெரியும்? அத்தனை பேரும் அதே குவார்ட்டர்ஸ்தானே. அவர்களுக்கெல்லாம் வீடு என்றால் ஒரு பக்கம் அடைத்துத்தான் இருக்கும்.

ஜெகதாம்பாள் திரும்பிப் பார்த்தாள். "ராஜசேகரன் அண்ணன் இருமறது கேட்டாத்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா? அவரையும் கூட்டிக்கிட்டு வந்துடலாமா?"

வேம்புலி இந்தத் தடவை அடக்கவில்லை, சிரித்தேவிட்டார்.

எங்கே வேண்டும், சொல் என்றார் உலகநாதன்.

அவள் சட்டென்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள், கீரை ஆய உட்காருகிற மாதிரி. கையை நீட்டி மார் உயரத்தில் பிடித்தாள்.

"இங்கேருந்து ஆரம்பிக்கட்டும்."

"இன்னாக்கா, இவ்ளோ தாழவா?" என்றார் வேம்புலி. "ஜன்னலு இடுப்பு ஒசரத்துலதான் வெக்கிறது வழக்கம்."

"நின்னுகிட்டு ஜன்னல் வழியா பாக்க எனக்கு ஏது நேரம்? உக்காந்தா பாப்பேன். எனக்கு உக்காந்தா தெரியணும்."

பிறகு வாய் நிற்கவில்லை. கொல்லைக் கதவு இந்தப் பக்கம் திறக்கட்டும். உரலுக்கு அங்கே இடம் வேண்டாம், இங்கே. சாமி படத்துக்கு இந்தச் சுவரில் ஆணி, நாலு ஆணி. புதன்கிழமைக்குள் சொல்லி முடிப்பாளா என்று வேம்புலிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜன்னல் அளவைக் குறித்துக்கொள்ளலாம் என்று உலகநாதன் டேப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் நேராகப் போகக் காலைத் தூக்கினார்.

"செவுத்து மேல கால் வெக்காதீங்க" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வாசல் அந்தப் பக்கம்."

தூக்கின காலை மனுஷன் மெதுவாக இறக்கினார். கோட்டை ஒட்டியே மனையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவள் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போனார்.