குறை சொல்லாத பந்தி

நாங்கள் மூன்று பேர். நான் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவன் வடசேரியில் துணிக்கடை வைத்திருந்தான். மூன்றாமவன் பூதப்பாண்டி பக்கத்து வயல்காரன். மூன்று பேருமே நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். எங்கள் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இருப்பதா, தமிழகத்தோடு சேர்வதா என்று ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கோ அதைவிடப் பெரிய கவலை, கல்யாண வீட்டு அவியலில் மாங்காய் போட்டார்களா, தயிர் விட்டு ஒப்பேற்றிவிட்டார்களா என்பதுதான்.

நாஞ்சில் நாட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். பாவம், வீட்டில் பட்டினி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மரியாதைப்பட்டவன் கை கழுவும் இடத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும். பருப்பு குழையவில்லை, புளிசேரி தண்ணீராக ஓடுகிறது, பிரதமன் பாயசத்தில் வெல்லம் முந்திவிட்டது. இந்த வித்தையில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் வயல்காரன் வீட்டில்தான் சாப்பாடு. அவன் மனைவி தேங்காயை வறுத்துப் போட்டு வைக்கும் எரிசேரிக்காக நானும் துணிக்கடைக்காரனும் உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்துப் போவோம். மறுசோறு வாங்குவோம், அதற்கு மேலும் வாங்குவோம். வயிறு நிறைந்த பிறகு குறை சொல்ல உட்காருவோம். வயல்காரன் எங்களுக்கும் முந்திக்கொள்வான்.

"தேங்காய இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்."

"அப்ப மிச்சத்த பசுவுக்கு வச்சிருதேன்" என்பாள் அவள், கதவோரம் நின்றபடி. மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அவள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனோம். அவன் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் வருஷம் முழுக்கப் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவன் நான். என் வாயிலிருந்து வந்தது, "கால்வாயில தண்ணி வந்துட்டா?" என்பதுதான்.

"வந்துட்டுன்னுதான் சொன்னாவ" என்றான் துணிக்கடைக்காரன். கால்வாய்க்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வயல்காரன் தலையை ஆட்டினான். பிறகு பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பற்றி, அணையைக் கட்டியவர்களே அலுத்துப்போகும் அளவுக்குப் பேசிவிட்டு எழுந்து வந்தோம்.

வாசலில் அவன் மகள் என்னை நிறுத்தினாள். தக்கலையில் கட்டிக்கொடுத்த பெண், சாவுக்கு வந்தவள்.

"மாமா, அப்பா ஒண்ணும் உண்ண மாட்டேங்காவ. நான் அழுதா மட்டும் ரெண்டு வாய் கஞ்சித்தண்ணி குடிக்காவ. நீங்க சொன்னா கேப்பாவ."

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்தடுத்துப் போனபோதெல்லாம் அவன் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. இவனும் போய்விடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடும் மழையைப் பற்றித்தான் பேசினேன்.

பதினாறாம் நாள் அடியந்திரம் வந்தது. செத்தவர் பேரில் ஊருக்கும் உறவுக்கும் போடுகிற சாப்பாடு. துணிக்கடைக்காரன் ஒரு யோசனை சொன்னான்.

"நல்ல தவசிப்பிள்ளையா பாத்து சமைக்க விடுவோம். பந்தியில ஒருத்தனும் குறை சொல்லப்படாது. எல்லாவனும் கொள்ளாம்னு சொன்னா அவனுக்கும் உண்ணணும்னு தோணும்லா."

கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் மாடு விற்கிறவர்கள்தான் அதை அதிகம் சொல்வார்கள், அதுவும் தங்கள் மாட்டைப் பற்றி. முந்தின நாள் சாயங்காலம் காய்கறி வெட்ட வந்தவர்கள் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தோம். சுசீந்திரத்திலிருந்து தவசிப்பிள்ளை வந்தார்.

மறுநாள் பந்தியில் அவனை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தோம். இலை நிறைந்தது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தான்.

"அவியல் கொள்ளாம்" என்றார் எதிர் வரிசைப் பெரியவர். "பருப்பு கொள்ளாம்" என்றார் அடுத்தவர். வாழ்நாளில் ஒரு பந்தியையும் பழிக்காமல் விடாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல் ஒப்பித்தார்கள். தவசிப்பிள்ளைக்கே சந்தேகம் வந்து சாம்பாரை மோந்து பார்த்தார்.

நான் எரிசேரியை வாயில் வைத்தேன். தேங்காய் கரிந்து ஒரே கசப்பு. விழுங்கினேன். துணிக்கடைக்காரனும் விழுங்கினான். கண்ணில் நீர் முட்ட, "எரிசேரி ரொம்பக் கொள்ளாம்" என்றான்.

வயல்காரன் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒரு விரலால் எரிசேரியைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"கரிஞ்சு கெடக்கு."

நாங்கள் இன்னொரு வாய் எடுத்து விழுங்கினோம்.

"லேய், கரிஞ்சு கெடக்குங்கேன். உனக்க நாக்கு செத்துட்டா? அவ வச்சது ஒருநாளு இப்பிடி கரிஞ்சிருக்கா? அதுக்குக் குறை. இதுக்குக் கொள்ளாமா?"

பந்தி முழுவதும் கை நின்றுவிட்டது. அவன் அழுதான். அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்து வாயில் போட்டான்.

"அவியல்ல உப்பில்ல."

"இல்ல" என்றோம் நாங்கள்.

"பருப்பு வேகல்ல."

"எங்க வெந்துது?" என்றார் எதிர் வரிசைப் பெரியவர், அதுவரை அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் சேர. தவசிப்பிள்ளை தலைத்துண்டை உருவி உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கதவோரம் நின்ற மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. அவன் சாப்பிட்டான், அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

பாதிச் சோற்றில் நிறுத்தினான்.

"ஒருநாளும் அவகிட்ட நல்லாருக்குன்னு நான் சொல்லல்லியே மக்கா."

அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் கால்வாயும் இல்லை, மழையும் இல்லை. துணிக்கடைக்காரன் இடது கையை அவன் முதுகில் வைத்தான். இத்தனை வருட சிநேகத்தில் அடிப்பதற்காக இல்லாமல் அந்த முதுகில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

"சாப்பிடு. ஆறிரும்" என்றேன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயல்காரனை என் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். என் மனைவிக்குக் காலையிலிருந்தே பதற்றம், பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் வருகிற மாதிரி. சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் பரிமாறிவிட்டு, குறை கேட்கத் தயாராகக் கதவோரம் போய் நின்றாள்.

அவன் தலை நிமிரவில்லை.

"நல்லாருக்கு, மதினி" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அவன் இலையைப் பார்த்தேன். இன்னும் சோற்றில் கையே வைத்திருக்கவில்லை.