நாங்கள் இல்லாத விரிகுடா

பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்ற வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைத்துப் போடுவதும், நங்கூரம் இறக்குவதும், அவர்களுக்காக ரேடியோவில் பேசுவதும்தான் என் பிழைப்பு. கேட்பவர்கள் கொடுத்துவைத்தவன் என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ரேடியோ வேலை சின்னதுதான். காலையிலும் மாலையிலும் போர்ட் பிளேர் துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். எழுதிக்கொள்வார்கள். என் அப்பா அரசுக் கப்பலில் லஸ்கராக, சாதாரண மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர். காய்கறிக்காரன் சொல்லும் எடையைக்கூட நம்பாத மனிதர், ரேடியோவில் வந்த செய்தி என்றால் மறுபேச்சு பேச மாட்டார்.

போன சீசனில் வந்த படகுக்காரருக்கு ஹேவ்லாக் தீவை ஒட்டிய ஒரு விரிகுடாவில் தங்கத்தான் அனுமதி. அங்கே தண்ணீர் கலங்கலாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வடக்கே, யாரும் இரவு தங்கக் கூடாத ஒரு தீவுக்குப் படகைத் திருப்பினார். ரேடியோவை என் கையில் கொடுத்து, விரிகுடாவிலேயே நிற்பதாகச் சொல்லச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த சீசனுக்கும் கூப்பிடுவார் என்ற நப்பாசை எனக்கு.

"ஹம் லோக் உதர் ஹி ஹை, சாப். சப் டீக் ஹை" என்றேன், அங்கேயேதான் இருக்கிறோம், எல்லாம் சரி என்று. குரல் நடுங்கவேயில்லை. பேசி முடித்ததும் அவர் ரேடியோவை அணைத்துவிட்டார். இப்படியே மூன்று நாள்.

மூன்றாம் நாள் மாலை அதே பொய்யைச் சொன்னதும், அலுவலகத்தில் இருந்தவர் இந்தியை விட்டுத் தமிழில் பேசினார்.

"தம்பி, உங்க அப்பா சீரியஸா ஆஸ்பத்திரியில இருக்காரு. உன்னைக் கூட்டிவர ஹேவ்லாக்லேர்ந்து ஒரு டுங்கிப் படகு காலையிலேர்ந்து அங்கயேதான் சுத்துது. ஒரு போட்டும் இல்லையாம். சச் போல், உண்மையச் சொல்லு, எங்க இருக்கே?"

சொல்லாதே என்று படகுக்காரர் தலையை ஆட்டினார். நான் சொல்லிவிட்டேன். மூன்று நாள் தாமதமான யோக்கியம்.

மறுநாள் மதியம் போர்ட் பிளேர் லம்பா லைனில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. முந்தைய நாள் மூன்று மணிக்கே அப்பா போய்விட்டார். வந்தவர்களிடம் அண்ணன், "போட் இன்ஜின் கராப் ஆயிடுச்சாம், பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

காரியம் முடிந்த அன்று படகுக்காரரின் சிபாரிசுக் கடிதம் போனில் வந்தது. நம்பகமான ஆள், ரேடியோவில் நன்றாகப் பேசுவார் என்று எழுதியிருந்தார். அதை வைத்துத்தான் இந்த வருட வேலையும் கிடைத்தது. அவரைவிட என் மேல்தான் எனக்கு அருவருப்பு.

மீதியை அண்ணிதான் சொன்னார். அன்று காலை பதினொரு மணிக்கே டுங்கிக்காரர் ஹேவ்லாக் ஜெட்டிக்குத் திரும்பிவந்து போன் செய்திருக்கிறார், விரிகுடாவில் படகு இல்லையென்று. வடக்கே மற்ற தீவுகளில் தேடச் சொல்லலாம் என்று அண்ணன் எழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பா கையைக் காட்டித் தடுத்தாராம்.

"ரேடியோவுல அவனே சொன்னானா?"

"ஆமாப்பா. இன்னைக்குக் காலையிலகூட சொன்னான்."

"அப்ப அங்கதான் இருப்பான். வேற எங்கயும் போக வேணாம். நல்லா பாக்கச் சொல்லு."

அண்ணன் டுங்கியைத் திரும்பவும் அதே விரிகுடாவுக்கு அனுப்பினார்.