கன்றின் இடத்தில் போட்ட கட்டில்

மலாக்கா மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வெளியே நீளமான ஒரு நடைவழி இருக்கிறது. காது மந்தமாகிவிட்டதென்று நான் அங்கே போய்க் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் செங் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர், கழுத்தில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். குரல்வளையில் புற்று வந்து அதை எடுத்துவிட்டார்களென்று கையிலிருந்த தாளில் எழுதிக் காட்டினார். நான் சேலைத் தலைப்பை விலக்கி என் கழுத்திலிருந்த பழைய தழும்பைக் காட்டினேன். அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதி நீட்டினார்.

"வலி போய்விட்டது. ஆனால் என் நாய் என்னிடம் வருவதில்லை. நான் யாரென்று அதற்குத் தெரியவில்லை."

பதில் சொல்வதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குரலை இழந்து, வீட்டில் ஒரு பிராணியையும் வைத்துக்கொண்டு தவிக்கிற மற்றவர்களுக்கும் இது உதவலாம்.

எனக்கு அது நேர்ந்தது இங்கே ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில். மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. அதில் ஓர் எருமை. தாய் செத்துப்போன கன்றாக வந்தவளைத் துணியில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தேன். மைக்கறுப்பாக இருந்ததால் என் வீட்டுக்காரர் அவளுக்கு வெள்ளைச்சி என்று பெயர் வைத்தார்.

சொரணை கெட்டவர்களைத் திட்ட நாம் எருமையின் பெயரை எடுக்கிறோம். எருமை வளர்த்தவர் யாரும் அப்படித் திட்டமாட்டார். பசுவைவிட அவள் ரோஷக்காரி. பழகாத கை மடியில் பட்டால் பாலை எக்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு காம்பை எவ்வளவு நீவினாலும் ஒரு சொட்டு இறங்காது.

வெள்ளைச்சி ஈன்ற கன்றைச் சிப்பாய்கள் ஒருநாள் இறைச்சிக்கு ஓட்டிப் போனார்கள். கன்று முட்டாமல் எருமை பால் விடாது, இனி வற்றிவிடும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு வாய் நீளம். நான் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு திட்டியும் கொஞ்சியும் ஊர்க்கதை பேசியும் காம்பை நீவுவேன். பால் இறங்கிவிடும். என் குரலுக்குத்தான் இறங்குகிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

அப்போது என் மகள் செல்வி கைக்குழந்தை. டப்பாப் பால் கடைகளிலிருந்து மறைந்து வெகுநாளாகியிருந்தது. பெரியவர்கள் ஊபி எனும் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று சமாளித்தோம்.

முதலில் எனக்குக் குரல் கம்மியது. "அப்பாடா, ஊரே தூங்கலாம்," என்றார் என் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன். பிறகு காய்ச்சல் வந்தது, கழுத்து வீங்கியது, எச்சில் விழுங்க முடியவில்லை. அவர் விளக்கைப் பிடித்து என் தொண்டைக்குள் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ தோல் மாதிரி ஒட்டியிருக்கிறது என்றார். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை.

அது டிப்தீரியா (தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் தொற்றுநோய்). அதற்கு ஊசி மருந்து உண்டு. அந்தக் காலத்தில் கிடைத்தது கொஞ்சம்தான், அதுவும் பழையது. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் என் உதடு நீலம் பாரித்துவிட்டதாம். ட்ரக்கியாஸ்டமி (மூச்சுக்குழாயில் துளையிட்டு உலோகக் குழாய் செருகும் அறுவை) செய்தார்கள். கண் விழித்தபோது என் மூச்சு மூக்கைத் தொடாமல் கழுத்து வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. 'செல்வி' என்று கூப்பிடப் பார்த்தேன். கழுத்திலிருந்து ஒரு சீறல் மட்டும் வந்தது.

காற்று குரல்வளைக்குப் போகாமலே வெளியேறிவிடுவதால் பேச்சு வராது என்று டிரசர் விளக்கினார். அங்கே மருந்து கட்டுகிற உதவியாளரை அப்படித்தான் அழைப்போம். உள்குழாயை எடுத்துக் கழுவி மாட்டவும் அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டலும் அன்புமாகப் பேசுகிறவர். என் நாடியை நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்.

"கிருமி போயிட்டுது, பிள்ளை. ஆனா அதின்ர நஞ்சு உம்மட இதயத்தைத் தொட்டிட்டுது. எழும்பி வேலை செய்தா அது நிண்டு போகும். படுத்தே இருக்கோணும். விளங்குதோ?"

தலையாட்டினேன். தொற்று நீங்கிவிட்டதால் என் வீட்டுக்காரரை உள்ளே விட்டார்கள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அஞ்சல, வெள்ளைச்சி கொறைச்சிட்டா. நா உக்காந்தா கால மாத்தி மாத்தி வைக்கிறா. புள்ளைக்குக் கஞ்சித் தண்ணிதான் குடுக்கறேன்."

எருமையை ஒழுங்காகக் கறக்காமல் விட்டால் மடி அடியோடு வற்றிப்போகும். அப்புறம் அடுத்த ஈற்றுக்குத்தான் பால். அதுவரை செல்வி தாங்கமாட்டாள். என் மார்பில் பால் காய்ச்சலிலேயே நின்றுவிட்டிருந்தது. இதயம் நின்றுபோகும் என்று கேட்டபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

குழாயை எடுத்துப் பார்த்தபோதெல்லாம் மூச்சு முட்டியதால், அதோடேயே என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். செல்வியின் கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அழுகைகூடச் சன்னமாகிவிட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். என் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, தலைப்பை முக்காடு போட்டு, என் குரலில் திட்டிக்கொண்டே கறப்பதாம். ஜன்னல் வழியாக நானும், வேலிக்கு அந்தப்பக்கமிருந்து மீனாச்சியும் பார்த்தோம். மீனாச்சி, பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டி வீட்டுப் பெண். பெயர் தமிழ், பேச்சு மலாய்.

"நில்லுடி கருவாச்சி, ஒன்ன வித்துப்புட்டு ஆடு வாங்கறேன் பாரு," என்று கீச்சுக்குரலில் ஆரம்பித்தார். நான் அப்படித்தான் பேசுவேனாம். வெள்ளைச்சி திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாலைத் தூக்கி மூத்திரம் பெய்தாள். மீனாச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல் குழாய்தான் கொப்பளித்தது. சிரித்து முடித்ததும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாத்திரம் காலியாக இருந்தது.

மறுநாள் அவர் கிழங்கு பிடுங்கப் போன நேரத்தில் நானே கொட்டகைக்குப் போய்க் குந்தினேன். நெற்றியை வழக்கம்போல அவள் விலாவில் முட்டுக் கொடுத்தேன். குழாய் சீறியது. நான் கையில் வளர்த்த வெள்ளைச்சி, பாம்பைக் கண்டவள் மாதிரி துள்ளி உதைத்தாள். பாத்திரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நெஞ்சு படபடத்துக் கண் இருட்டிப் போனது. அவள் உதைத்ததைவிட, என்னைத் தெரியாமல் உதைத்ததுதான் வலித்தது. அந்த நடைவழி நண்பர் எழுதிக் காட்டியபோது எனக்கு இந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

சேதி கேட்டு வீட்டுக்கு வந்த டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது படுக்க. உங்களுக்குப் பிள்ளைக்குத் தாய் வேணுமோ, பால் வேணுமோ?"

இரண்டும் வேண்டும். அதை எப்படி வாயில்லாமல் சொல்வது? டாக்டர் போனபின் என் கட்டிலைத் தட்டினேன், கொட்டகையைக் காட்டினேன். என் வீட்டுக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "டாக்டரு படுக்கத்தானே சொன்னாரு. எங்க படுக்கணும்னு சொல்லலியே," என்றார். அவரை நான் கட்டிக்கொண்டதற்கு அந்த ஒரு பேச்சு போதும். கொட்டகையில் காலியாக இருந்தது கன்றைக் கட்டுகிற மூலை ஒன்றுதான். அங்கே கட்டிலைப் போட்டார்.

அங்கே வேலை இல்லை, பேச்சு இல்லை. வெள்ளைச்சியைப் பார்ப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் வளர்த்தும் அவளை நான் பார்த்ததே இல்லை என்று அப்போது தெரிந்தது. நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேனே. பயம் வந்தால் அவள் காது பின்னால் மடியும். உதைக்கப் போகுமுன் வாலின் அடி இறுகும். அசைபோடும் தாடை நின்றால், நமக்குக் கேட்காத ஏதோ அவளுக்குக் கேட்டுவிட்டது.

வீட்டுக்குள் செல்வி அழுதால் அந்தத் தாடை நின்றுவிடும். குழந்தைக்காக என்று நினைத்தேன். கவனித்துப் பார்த்தால், அழுகை கேட்டதும் என் மூச்சு பதறிக் குழாயில் விசிலடிக்கிறது. அவள் அதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறாள். நான் மூச்சை இறக்கினால் தாடை மறுபடி அசையும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பேச்சுக்கு அவள் ஒருநாளும் பால் விட்டதில்லை. பேசப் பேச என் மனசு ஆறும், மூச்சு நிதானமாகும். அந்த நிதானத்துக்குத்தான் விட்டிருக்கிறாள். அது எனக்கு வாய் இல்லாமலும் முடியும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பழக்கம்தான். தினமும் அவள் அசைபோடும் நேரத்தில் கையை நீட்டி அவள் கழுத்தில் வைப்பேன். அவள் மூச்சு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பார்த்து, என்னுடையதையும் அதன் பின்னால் விடுவேன். பால் என்ற நினைப்பு வந்தாலே என் மூச்சு மாறிவிடும், அவளும் காதை மடிப்பாள். குழந்தை வாடிக்கொண்டிருக்கும்போது பாலை நினைக்காமல் இருப்பது லேசா? சில நாள் ஆத்திரத்தில் அவள் பக்கமே திரும்பாமல் படுத்திருந்தேன். அவர் வந்து அடிமடியில் கிடைத்த கொஞ்சத்தைப் பிழிந்துகொண்டு போவார். மீனாச்சி வேலியோரம் வந்து, "கெசியான்," என்று இரக்கப்பட்டுவிட்டு, ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கையை அவள் கழுத்தில் வைத்தபடியே தூங்கிவிட்டேன். காலில் ஏதோ சொரசொரவென்று பட்டு விழித்தேன். வெள்ளைச்சி என் முழங்காலை நக்கிக்கொண்டிருந்தாள். பாதம்வரை நக்கிவிட்டு மறுபடி மேலே வந்தாள். கழுத்துக் குழாயை முகர்ந்தாள். அது சீறியது. அவள் பின்வாங்கவில்லை.

சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் திரும்பினேன். நான்கு காம்பிலும் பால் ஒழுகி மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் வீட்டுக்குள் குழந்தையோடு இருந்தார். என்னால் கூப்பிட முடியாது. பாத்திரத்தைத் தட்டினால் அவள் மிரள்வாள். எழுந்து ஓடினால் என் இதயம் தாங்காது. பால் மண்ணில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

அப்போது வெள்ளைச்சி குரல் கொடுத்தாள். உரத்த கத்தல் இல்லை; அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு முனகல். கன்று போன நாளிலிருந்து அதை நாங்கள் கேட்டதில்லை. கன்றைப் பால் குடிக்கக் கூப்பிடும் சத்தம் அது. வீட்டுக்குள் இருந்த அவருக்கும் அது புரிந்தது. பாத்திரத்தோடு ஓடிவந்தவர் என்னைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், மெல்லக் குந்தினார். அவள் என் காலை நக்கிக்கொண்டே நின்றாள். பாத்திரத்தில் நுரை ஏறியது.

இத்தனை நாளும் நான் அவளை வளர்த்தவள் என்று நினைத்திருந்தேன். கன்றின் இடத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த என்னை அவள் என்னவாக எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் செல்வி வயிறு நிறையக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள்.

அன்றிலிருந்து நான் அவள் தலைப்பக்கம், அவர் மடிப்பக்கம். என் இதயம் மெல்லத் தேறியது. பிற்பாடு குழாயைத் தக்கையால் அடைத்து அடைத்துப் பழக்கி டாக்டர் எடுத்துவிட்டார். "ஏதாவது கதையும்," என்று பேசச் சொன்னார். செல்வி என்றேன். கட்டைக்குரலாக வந்தது. இன்றும் அதே குரல்தான்.

பசியும் பயமுமாக இருந்த அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்றால் செல்வி கோபிக்கிறாள். என்னைக் காது பார்க்க அழைத்துப் போனவளே அவள்தான். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. ஆனால் மழை நின்ற மத்தியானம், ஈரப் புல் வாசனை, அசைபோடும் சத்தம், வீட்டுக்குள் அவர் குழந்தைக்குப் பாடும் தாளம் தப்பிய பாட்டு, இதெல்லாம் எனக்கு வேறு எப்போதும் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இன்று காங்கிரீட் தரையும் கார்களும்.

நடைவழி நண்பரே, உங்கள் நாய் உங்களை மறக்கவில்லை. உங்கள் கழுத்திலிருந்து வரும் புதிய மூச்சு யாருடையது என்று அது யோசிக்கிறது. கையைத் தட்டி அழைக்க வேண்டாம். அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு நீங்கள் படுங்கள். அது வரவேண்டும் என்று காத்திருப்பதுகூட உங்கள் மூச்சில் தெரிந்துவிடும். நாள் ஆகும், ஆகட்டும்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து வருஷங்கள் கழித்து வெள்ளைச்சி ஒருநாள் படுத்தவள் எழவில்லை. நான் பழைய கட்டிலை அவள் பக்கத்தில் போடச் சொன்னேன். இப்போது எனக்குக் குரல் இருந்தது. ஆனாலும் பேசவில்லை. கழுத்தில் கை வைத்து, அவள் மூச்சின் பின்னால் என்னுடையதை விட்டுக்கொண்டிருந்தேன். அது நீண்டது. நடுவில் நின்று நின்று வந்தது. நானும் நின்று நின்று விட்டேன். ஒருமுறை நின்றது, நான் காத்திருந்தேன். எனக்கு மட்டும் வந்தது.

இப்போதும் எனக்குக் காற்று முதலில் அந்தத் தழும்பில்தான் படுவதுபோல இருக்கிறது, பிறகுதான் மூக்கில். ஒரு மூச்சு போய் அடுத்தது வருவதற்குள் சில சமயம் நான் கொஞ்சம் காத்திருக்கிறேன். செல்வி பயந்து என் தோளைத் தொட்டு, "ம்மா?" என்கிறாள். இருக்கேன் என்று தலையாட்டுகிறேன்.