நான் வாசிக்காமல் விட்ட ஒரு வரி

அன்று கண்டியில் தனியார் மருத்துவமனைக்குப் போனது அப்பா, அம்மா, நான். கொழும்பில் வேலை செய்யும் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. நெடுநாள் சீனி வியாதிக்காரரான அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கம் வந்ததால், இதய இரத்தக் குழாய்களை சி.டி. ஸ்கேனில் அளக்கச் சொல்லியிருந்தார்கள். மிகவும் ஒடுங்கியிருந்தால் ஆபரேஷன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஆங்கிலம் வாசிப்பவன் நான்தான். மருத்துவமனை கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்து, "காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாதுப்பா" என்றேன். தேநீர் கூடாது என்ற வரியைத் தனியாக வாசித்துச் சொல்லவில்லை.

ஸ்கேன் மேசையில் அப்பாவின் நாடி நூறைத் தாண்டியது.

"ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?" என்றார் தாதி.

"இல்லம்மா. வெறும் பிளேன்டீதான், மூணு கோப்பை."

"தோட்டத்துல அத யாரு கணக்குல எடுக்கிறாங்க?" என்றார் அம்மா. தாதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தேநீர் நாடியை ஏற்றிவிடுமாம்; நாடி வேகமாகத் துடித்தால் படம் கலங்கிவிடுமாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம், முந்தின நாளே அம்மா தேயிலைத் தூளைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தார். படம் தெளிவாக விழுந்தது. ஒடுக்கம் கொஞ்சம்தான், மாத்திரை போதும் என்றார் டாக்டர்.

இப்போது யார் துண்டுச் சீட்டு கொண்டுவந்தாலும் ஒரு வரி விடாமல் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அப்பாவின் ஸ்கேனுக்கு எங்களுக்கு மொத்தச் செலவு நாற்பத்தோராயிரம் ரூபாய். அதில் நான் விட்ட வரியால் இன்னொரு முறை போய்வந்த வேன் கூலி நாலாயிரம்.